தரை கற்றுத்தரும் அடி

ஒரு கிரிக்கெட் பந்து, ஒரு ஹாக்கிப் பந்து, ஐஸ் ஹாக்கியில் பந்தின் இடத்தில் ஓடும் கறுப்பு ரப்பர் வட்டு. மூன்றையும் ஒவ்வொன்றாகத் தராசில் வைத்தால் முள் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கும். விதிப்படி கிரிக்கெட் பந்தும் ஹாக்கிப் பந்தும் 156 முதல் 163 கிராம் வரை. வட்டு 156 முதல் 170 கிராம் வரை. எடை ஒன்றுதான். அது மனிதனை விட்டுப் புறப்படும் விதம்தான் வேறு. 2003 உலகக் கோப்பையில் சோயிப் அக்தர் வெறுங்கையால் வீசிய பந்து மணிக்கு 161.3 கிலோமீட்டர் வேகத்தில் போனது. 2012-ல் வட அமெரிக்காவின் என்.எச்.எல். ஐஸ் ஹாக்கி லீக் நடத்திய திறன் போட்டியில் ஸ்தெனோ சாரா அடித்த வட்டு 175.1 கிலோமீட்டரைத் தொட்டது. ஹாக்கியில் பெனால்டி கார்னர் வாய்க்கும்போது 'டிராக் பிளிக்' செய்பவரின் பந்து நூறு கிலோமீட்டரைத் தாண்டினாலே கோல்கீப்பருக்கு வேர்த்துவிடும்.

இந்த வேகம் எங்கிருந்து வருகிறது? மைதானத்து ஓரங்களில் மூன்று பதில்கள் காலங்காலமாகக் கேட்கின்றன. புஜபலம் என்பது ஒன்று. மட்டையின் தரம் என்பது இரண்டாவது. பயிற்சியாளர் சொல்லித்தரும் உத்தி என்பது மூன்றாவது. மூன்றிலும் உண்மை உண்டு. ஆனால் ஐஸ் ஹாக்கியையும் நம் ஊர் ஹாக்கியையும் அருகருகே வைத்துப் பார்த்தால், இந்த மூன்றையும் ஆட்டிவைக்கும் நான்காவது ஒன்று தெரிகிறது. அது காலடியில் கிடக்கும் தரை.

கரிசலிலிருந்து லே வரை

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஐஸ் என்றால் சர்பத் கடையில் உடைக்கும் கட்டி. அல்லது மீன் பெட்டிக்குள் கொட்டும் தூள். 61 மீட்டர் நீளமும் 26 மீட்டர் அகலமும் கொண்ட பனித்தரையில் சறுக்குக் காலணியோடு மட்டை பிடிப்பது மேற்குத் தொடர்ச்சி மலையின் இந்த அடிவாரத்துக்குத் தொலைதூரச் செய்தி. ஆனால் மட்டை தொலைதூரச் சங்கதி அல்ல. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்தும் ராஜபாளையத்திலிருந்தும் நேர்கோட்டில் ஐம்பது கிலோமீட்டருக்குள் கோவில்பட்டி இருக்கிறது. தீப்பெட்டிக்கும் கடலைமிட்டாய்க்கும் பெயர் போன அந்த ஊருக்கு ஹாக்கி மூன்றாவது அடையாளம். லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்தியப் போட்டி நாட்டின் பெரிய அணிகளை அங்கே வரவழைக்கிறது. கோவில்பட்டியைச் சேர்ந்த மாரீஸ்வரன் சக்திவேலும், அரியலூரில் பிறந்து கோவில்பட்டி விளையாட்டு விடுதியில் உருவான கார்த்தி செல்வமும் 2022 மே மாதம் ஜகார்த்தா ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்காக ஆடினார்கள். பாகிஸ்தானுக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே கார்த்தி கோல் போட்டார். 2025 நவம்பர் 28 முதல் டிசம்பர் 10 வரை ஜூனியர் உலகக் கோப்பை சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. உலகத்து இளைஞர்கள் டிராக் பிளிக் செய்வதை ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு இரவுக்குள் வீடு திரும்ப முடிந்தது.

இந்தியாவின் ஐஸ் ஹாக்கி இருப்பது நாட்டின் மறுமுனையில், கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 3500 மீட்டர் உயரத்தில், லடாக்கின் லே நகரைச் சுற்றி. 1970-களில் லடாக் ஸ்கௌட்ஸ் படையினர் ஆடத் தொடங்கியதும் குளிர்காலத்தில் உறைந்த குட்டைகள் அங்கே மைதானமாயின. 1989-ல் சர்வதேச ஐஸ் ஹாக்கிக் கூட்டமைப்பில் இந்தியா உறுப்பினர் ஆனது. 2016-ல் முதல் சர்வதேசப் போட்டி ஆடிய மகளிர் அணி 2017-ல் பாங்காக்கில் முதல் வெற்றிகளைக் கண்டது. 2025-ல் அமீரகத்தின் அல் ஐனில் நடந்த ஆசியக் கோப்பையில் வெண்கலம் வென்றது. கரிசல் ஒரு முனை, உறைகுட்டை மறுமுனை. இரண்டு இடத்திலும் கையில் இருப்பது வளைந்த முனையுள்ள ஒரு கோல்தான். ஆனால் அதைக் கொண்டு செய்யும் காரியம் வேறு.

ஆற்றல் அல்ல, அவகாசம்

முதலில் புஜபலத்தின் கணக்கைப் பார்த்துவிடலாம். 170 கிராம் வட்டு மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும்போது அதன் இயக்க ஆற்றல் சுமார் 168 ஜூல். கேட்கப் பெரிதாக இருக்கிறது. ஆனால் அறுபது கிலோ எடையுள்ள ஒருவர் மாடிப்படியில் இரண்டு படி ஏறச் செலவாகும் ஆற்றல் ஏறக்குறைய அவ்வளவுதான். அதைத் திரட்டப் பயில்வான் வேண்டியதில்லை. பள்ளிச் சிறுமியிடமும் அது இருக்கிறது. சிக்கல் ஆற்றலின் அளவில் இல்லை. அதை எவ்வளவு நேரத்தில் வட்டுக்குள் இறக்கிவைப்பது என்பதில் இருக்கிறது.

ஒரு பொருளுக்கு வேகம் கொடுக்க இரண்டு வழி உண்டு. பெரிய விசையைச் சிறிது நேரம் கொடுக்கலாம். சிறிய விசையை நீண்ட நேரம் கொடுக்கலாம். விசையையும் நேரத்தையும் பெருக்கினால் வருவதே உந்தத்தின் மாற்றம். ஆடிப்பூரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் தேரைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. எத்தனை பேர் கூடி ஓங்கித் தட்டினாலும் தேர் அசையாது. வடம் பிடித்து, விடாமல் இழுத்தால் அசையும்.

மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தை 160 கிராம் ஹாக்கிப் பந்துக்குக் கொடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மட்டையை ஓங்கி அடித்தால் பந்தும் மட்டையும் தொட்டிருக்கும் நேரம் விநாடியில் ஆயிரத்தில் ஓரிரு பங்கு. இரண்டு பங்கு என்று கொண்டால் சராசரி விசை சுமார் 2200 நியூட்டன். ஏறக்குறைய 225 கிலோ எடையின் அழுத்தம். அதே பந்தை மட்டையின் வளைவில் அணைத்து ஒன்றரை மீட்டர் தூரம் சீராக வேகம் கூட்டி இழுத்துச் சென்றால், தொடர்பு நேரம் விநாடியில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல். தேவைப்படும் விசை சுமார் 41 நியூட்டன். நான்கு கிலோ அரிசிப் பையைத் தூக்கும் விசை. கிடைக்கும் வேகம் இரண்டிலும் ஒன்றே.

ஐஸ் ஹாக்கியின் 'ஸ்லாப் ஷாட்' இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. பெயர் அறை என்று சொன்னாலும், வட்டு மட்டையோடு விநாடியில் ஆயிரத்தில் முப்பது, நாற்பது பங்கு வரை ஒட்டியிருக்கிறது. 160 கிலோமீட்டர் வேகத்துக்கு முப்பத்தைந்து பங்கு என்று கணக்கிட்டால் சராசரி விசை சுமார் 216 நியூட்டன். அடிபோலத் தோன்றும் அது உண்மையில் மிகச் சுருக்கமான ஒரு தள்ளு. அந்த நீட்டிப்பு எப்படிக் கிடைக்கிறது?

பனித்தரையின் வில்

ஸ்லாப் ஷாட்டைப் பற்றி வெளியாருக்கு வியப்பான செய்தி ஒன்று உண்டு. ஆட்டக்காரர் முதலில் வட்டை அடிப்பதில்லை, தரையை அடிக்கிறார். வட்டுக்குச் சற்றுப் பின்னால், ஒரு சாணுக்கு அங்குமிங்குமான தூரத்தில் மட்டையின் முனை பனியில் இறங்குகிறது. கீழ்க்கையால் மட்டையின் நடுவை அழுத்தியபடி உடல் எடை முன்னால் சாய்கிறது. முனை தரையில் சிக்கிப் பின்தங்க, கைப்பிடி முன்னால் போக, நடுவில் தண்டு வில்லாக வளைகிறது. அந்த வளைந்த நிலையில் முனை வட்டைச் சந்திக்கிறது. பிறகு நாண் விட்ட வில்போல் தண்டு நிமிர, வட்டு அதோடு சேர்ந்து உந்தப்பட்டு விடுபடுகிறது. வில்லி என்ற வேட்டுவத் தலைவன் பெயரால் அமைந்த ஊர் என்று தலபுராணம் சொல்லும் ஸ்ரீவில்லிபுத்தூரில், இதற்கு வேறு உவமை தேடத் தேவையில்லை.

வில்லின் பயன் ஆற்றலை உண்டாக்குவது அல்ல. மெதுவாக வாங்கி விரைவாகக் கொடுப்பது. தோளும் இடுப்பும் எடையும் நிதானமாகத் தண்டுக்குள் வைத்த உழைப்பை, தசையால் ஒருபோதும் முடியாத வேகத்தில் தண்டு திருப்பித் தருகிறது. ஐஸ் ஹாக்கி மட்டைகளில் எழுதப்பட்டிருக்கும் 'பிளெக்ஸ்' எண் இதைத்தான் குறிக்கிறது: தண்டை ஓர் அங்குலம் வளைக்க எத்தனை பவுண்டு விசை வேண்டும் என்பது. நூறு எண் கொண்ட மட்டையை ஐந்து சென்டிமீட்டர் வளைத்தால் அதற்குள் சேரும் ஆற்றல் ஏறக்குறைய 22 ஜூல். பத்து சென்டிமீட்டர் வளைத்தால் 88 ஜூல். வளைவு இரட்டித்தால் சேமிப்பு நான்கு மடங்கு. மேலே சொன்ன 168 ஜூலில் வில்லின் பங்கு பாதியைத் தொடலாம், எட்டில் ஒன்றாகவும் குறையலாம். மீதியைத் தருவது இடுப்பின் சுழற்சியும் கைகளின் வீச்சும். ஆகவே விலை உயர்ந்த மட்டை வாங்கியவுடன் வேகம் வந்துவிடாது. தன் எடைக்கும் வலுவுக்கும் வளைந்து கொடுக்காத விறைப்பான மட்டை, இளைஞன் கையில் வெறும் உலக்கை.

இந்த வில் வேலை செய்ய மூன்று நிபந்தனைகள் உண்டு. மூன்றும் தரையின் கொடை. முதலாவது, தரை கெட்டியாக இருக்க வேண்டும். அழுத்தினால் அமுங்கக் கூடாது. இரண்டாவது, வழுவழுப்பாக இருக்க வேண்டும். மட்டை முனை தோண்டிக்கொண்டு நின்றுவிடாமல் வழுக்கியபடியே வளைய வேண்டும். மூன்றாவது, வட்டு தரையோடு படிந்து கிடக்க வேண்டும். பனித்தரை மூன்றையும் தருகிறது. பனியின் மேல்பரப்பில் உறைநிலைக்குக் கீழேயும் நீர்த்தன்மை கொண்ட மெல்லிய படலம் இருக்கிறது என்று மைக்கேல் ஃபாரடே 1850-லேயே ஊகித்தார். வழுக்கல் அந்தப் படலத்தின் வேலை. கரிசல் தரையில் ஒருவர் ஸ்லாப் ஷாட் முயன்றால் முனை மண்ணில் புதையும், மணிக்கட்டு சுளுக்கும், பந்து இருந்த இடத்திலேயே இருக்கும்.

வட்டும் இதற்கென்றே தயாராகிறது. என்.எச்.எல். ஆட்டங்களில் வட்டுகளை முன்கூட்டியே குளிரூட்டி உறைய வைத்துத்தான் களத்துக்குக் கொண்டுவருகிறார்கள். அறை வெப்பத்தில் ரப்பர் துள்ளும். துள்ளும் வட்டு தரையோடு படியாது. குளிர்ந்த ரப்பர் துள்ளலை இழக்கிறது.

வளைந்த முனையும் பம்பரமும்

1950-களில் மான்ட்ரியால் அணியின் பெர்னி ஜெஃப்ரியான் ஸ்லாப் ஷாட்டைப் பிரபலமாக்கினார். 1960-களின் தொடக்கத்தில் சிகாகோ அணியின் ஸ்டான் மிகிதாவும் பாபி ஹல்லும் மட்டையின் அடிப்பலகையை வாழை மட்டைபோல் வளைத்து ஆடத் தொடங்கினார்கள். வட்டு எப்படிப் போகும் என்று அடித்தவருக்கே தெரியாத அளவுக்கு வளைவுகள் வந்தன. 1970-ல் வளைவுக்கு அரை அங்குலம் என்று வரம்பு கட்டினார்கள். 2006-ல் அது முக்கால் அங்குலமாகத் தளர்ந்தது.

வளைவு இரண்டு வேலை செய்கிறது. வட்டைப் பிடித்துவைக்கிறது, விடும்போது சுழற்றிவிடுகிறது. வட்டு பலகையின் அடியிலிருந்து நுனியை நோக்கி உருண்டபடியே வெளியேறுவதால் தன் அச்சில் வேகமாகச் சுற்றுகிறது. சுற்றும் பம்பரம் சாயாமல் நிற்பதும், வட்டெறிபவர் கையிலிருந்து சுழன்று போகும் தட்டு கவிழாமல் மிதப்பதும் எந்தக் காரணத்தாலோ, அதே காரணத்தால் சுழலும் வட்டும் தட்டையாகவே பறக்கிறது. சுழற்சி இல்லாத வட்டு காற்றில் புரளும். புரண்டால் காற்றின் எதிர்ப்பு கூடும், குறி தவறும். 'ரிஸ்ட் ஷாட்' என்னும் மணிக்கட்டு வீச்சில் இந்தச் சுழற்சி நன்றாகக் கிடைக்கிறது. அதனால்தான் வேகத்தில் ஸ்லாப் ஷாட்டுக்குப் பின்தங்கினாலும் குறியில் அது முந்துகிறது. இரண்டுக்கும் இடைப்பட்ட 'ஸ்னாப் ஷாட்' பின்வீச்சு இல்லாமலே தண்டைச் சட்டென்று வளைத்து விடுவது.

இங்கே ஒரு கேள்வி எழும். காலடியில் பிடிமானமே இல்லாத பனியில் நின்று இவ்வளவு வேகமாக அடித்தால், அடிப்பவர் பின்னால் வழுக்கிப் போகமாட்டாரா? கணக்குப் போட்டால், வட்டு எடுத்துச் செல்லும் உந்தம் தொண்ணூறு கிலோ ஆட்டக்காரரை விநாடிக்கு எட்டு சென்டிமீட்டர் வேகத்தில்தான் பின்தள்ளும். சறுக்குக் காலணியின் கத்தி விளிம்பு அதைத் தாங்கிக்கொள்ளும். தொல்லை பின்னடைவு அல்ல. இடுப்பைச் சுழற்றத் தேவையான ஊன்றல்தான் சிரமம். நல்ல ஆட்டக்காரர் அந்த ஊன்றலைக் கத்தி விளிம்பிலும், பனியை அழுத்தும் மட்டை முனையிலுமாகப் பகிர்ந்து பெறுகிறார்.

கவண்

ஹாக்கி மட்டை வில் ஆகாது. கார்பன் இழையும் கண்ணாடி இழையும் சேர்ந்த இன்றைய மட்டை, முன்னாளைய மல்பெரி மர மட்டையைவிட விறைப்பானது. பந்து உருண்டையானது, தரையோடு படியாது. இடதுபக்கத் தட்டை முகத்தால் மட்டுமே ஆட வேண்டும். ஆகவே இங்கே வேகத்தைச் சேமித்துவைக்க இடமில்லை. பந்து கைவசம் இருக்கும் தூரத்தை நீட்டுவதுதான் ஒரே வழி. அந்த வழியின் பெயர் டிராக் பிளிக்: இழுத்துச் சுண்டுதல். தினைப்புனத்தில் பரண் மேல் நின்று கிளி விரட்டியவர்கள் சுழற்றிய கவணுக்கும் இதற்கும் இயற்பியல் ஒன்றே. கவணில் கல் கயிற்றின் மடியில் கிடந்தபடி வட்டப் பாதையில் வேகம் கூட்டிக்கொள்ளும். விடுபட்ட கணத்தில் தொடுகோட்டில் பாயும்.

டிராக் பிளிக்கைக் கட்டம் கட்டமாகப் பார்க்கலாம். பெனால்டி கார்னரில் கோல் பக்கக் கோட்டிலிருந்து ஒருவர் தள்ளிவிடும் பந்தை இன்னொருவர் கோலைச் சுற்றிய வட்டத்துக்கு வெளியே நிறுத்துகிறார். அடிப்பவர் சிறு ஓட்டமாக வந்து, வலது காலை இடது காலுக்குப் பின்னால் குறுக்கே வைக்கிறார். உடல் கோலுக்குப் பக்கவாட்டில் திரும்பியிருக்கிறது. பின்னங்காலுக்கும் பின்னால் கிடக்கும் பந்தை மட்டை வளைவில் அள்ளிக்கொள்கிறார். இடது கால் நீண்ட எட்டாக முன்னால் ஊன்றுகிறது. இடுப்பு ஏறக்குறைய தரைக்கு இறங்குகிறது. ஊன்றிய காலை அச்சாகக் கொண்டு முதலில் இடுப்பு திரும்புகிறது, பிறகு மார்பு, பிறகு தோள், கடைசியாக மணிக்கட்டும் மட்டையும். முந்தையது தளரும்போது அடுத்தது அந்த வேகத்தை வாங்கிக்கொள்கிறது. சாட்டையின் அடி மெதுவாக அசைய நுனி சொடுக்குவது இப்படித்தான். இறுதியில் வலக்கை முன்தள்ள, இடக்கை பின்னிழுக்க, மட்டை நெம்புகோலாகச் சுழன்று பந்தை விடுகிறது.

எட்டு அகலமாக இருக்க வேண்டும் என்று பயிற்சியாளர்கள் தொண்டை வற்றக் கத்துவதன் காரணம் இப்போது விளங்கும். அகன்ற எட்டு என்பது நீண்ட இழுப்பு. நீண்ட இழுப்பு என்பது அதிக அவகாசம். வரிசைதான் முக்கியம், வலு பிறகு. தோள் முந்திக்கொண்டால் இடுப்பின் உழைப்பு வீண்.

கவணின் ஆபத்தும் இதற்கு உண்டு. மட்டை விநாடிக்கு மூன்று சுற்று வேகத்தில் சுழல்கிறது என்று கொண்டால், ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடியில் அது ஒரு டிகிரிக்குச் சற்று மேல் திரும்புகிறது. பதினைந்து மீட்டர் தள்ளியுள்ள கோலில் ஒரு டிகிரி என்பது 26 சென்டிமீட்டர். கம்பத்துக்கு உள்ளே விழுவதும் வெளியே போவதும் அந்த ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் தீர்மானமாகிறது. அதோடு, பதினைந்து மீட்டரைக் கடக்க ஆகும் அரை விநாடிக்குச் சற்று மேலான நேரத்தில் புவியீர்ப்பு பந்தைச் சுமார் 1.4 மீட்டர் கீழே இழுத்துவிடும். வலையின் மேல் மூலையைக் குறிவைப்பவர் கண்ணால் பார்க்கும் மூலைக்கு அல்ல, அதற்கு ஓர் ஆள் மார்பளவு உயரே உள்ள வெட்டவெளிக்கு விட வேண்டும்.

ஒன்றரையடிப் பலகை செய்த புரட்சி

இந்தக் கடினமான உத்தியை ஆட்டக்காரர்கள் ஏன் மேற்கொண்டார்கள்? ஓங்கி அடிப்பது எளிதல்லவா? விடை விதியில் இருக்கிறது. ஹாக்கி கோல் 3.66 மீட்டர் அகலம், 2.14 மீட்டர் உயரம். அதன் அடியில் சுற்றிலும் 460 மில்லிமீட்டர் உயரப் பலகை. பெனால்டி கார்னரின் முதல் முயற்சி ஓங்கிய அடியாக இருந்தால் பந்து அந்தப் பலகை உயரத்துக்கு மேல் கோல் கோட்டைத் தாண்டக் கூடாது. எதிரே ஓடிவரும் தடுப்பாளர்களின் உயிரைக் காக்க வந்த விதி அது. ஆனால் தள்ளுதலுக்கும் சுண்டுதலுக்கும் அந்த உயர வரம்பு இல்லை. அடிப்பவருக்குக் கோலின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் கிடைக்கிறது. சுண்டுபவருக்கு முழு வாயிலும் திறந்திருக்கிறது.

ஆனால் விதி வாசலைத்தான் காட்டியது. உள்ளே நுழைய வைத்தது தரை. புல்தரையிலும் மண்தரையிலும் பந்தை மட்டையில் அணைத்து ஒன்றரை மீட்டர் இழுக்க முடியாது. ஒவ்வொரு மேட்டிலும் பந்து துள்ளி மட்டையை விட்டுப் பிரியும். பிரிந்த பந்துக்கு அதன்பின் வேகம் கூட்ட வழியில்லை. எனவே அந்தக் காலத்தில் ஓங்கிய அடியே வேதம். 1964 டோக்கியோவில் தங்கம் வென்ற அணியின் பிரிதிபால் சிங் அந்த அடியால்தான் பெயர் பெற்றார். 1976 மான்ட்ரியால் ஒலிம்பிக்கில் செயற்கைத் தரை வந்தது. இந்தியா ஏழாம் இடத்துக்குச் சரிந்தது. 1980 மாஸ்கோவில் சென்னையின் பாஸ்கரன் தலைமையில் தங்கம் வென்றபோது ஆடியதும் செயற்கைத் தரையில்தான். நீர் தெளித்த வழுவழுப்பான தரை பரவியதும், 1990-களில் நெதர்லாந்து ஆட்டக்காரர்கள் இழுத்துச் சுண்டுவதை ஓர் ஆயுதமாகத் தீட்டினார்கள். அதைக் கொண்டே பாகிஸ்தானின் சோஹைல் அப்பாஸ் 348 சர்வதேச கோல்கள் குவித்தார்.

இந்தியா தாமதமாகக் கற்றது, நன்றாகக் கற்றது. சந்தீப் சிங், ரூபிந்தர் பால் சிங் வரிசையில் வந்த ஹர்மன்பிரீத் சிங் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பத்து கோல்கள் போட்டார். போட்டியிலேயே அதிக கோல் அவருடையது. 2021 ஆகஸ்ட் 2 அன்று டோக்கியோவில் குர்ஜித் கவுரின் ஒரே டிராக் பிளிக் ஆஸ்திரேலியாவை வெளியேற்றி இந்திய மகளிரை முதன்முறையாக ஒலிம்பிக் அரையிறுதிக்குக் கொண்டுபோனது.

வேகமா, மறைப்பா?

வேகம் கிடைத்துவிட்டது. அதுவே கோலா? ஐஸ் ஹாக்கியில் நீலக்கோட்டிலிருந்து கோல் கோட்டுக்கு 19.5 மீட்டர். 160 கிலோமீட்டர் வட்டு அதை 0.44 விநாடியில் கடக்கிறது. மனிதக் கண் கண்டு உடல் அசையத் தொடங்க ஏறக்குறைய 0.2 விநாடி ஆகும். மிச்சமிருக்கும் கால் விநாடியில் கோல்கீப்பர் கையை நீட்டிவிட முடியும். அதுவும் ஐஸ் ஹாக்கி கோல் 1.83 மீட்டர் அகலமும் 1.22 மீட்டர் உயரமும் மட்டுமே; கவசம் அணிந்தவர் நின்றாலே பாதி மறைந்துவிடும். ஸ்லாப் ஷாட்டின் பெரும் பின்வீச்சு அவருக்கு முன்னறிவிப்பாகவும் அமைகிறது. ஆகவே நேருக்கு நேர் தெரியும் வேகத்தை நல்ல கோல்கீப்பர் தடுத்துவிடுகிறார்.

தடுக்க முடியாதது, எங்கே வரும் என்று கடைசிவரை தெரியாதது. குறைந்த வேகமுள்ள ஸ்னாப் ஷாட், தடுப்பாளரின் கால்களுக்கிடையே சட்டென்று புறப்பட்டால் கோல் ஆகிறது.

டிராக் பிளிக்கின் உண்மையான பலமும் இதுவே. பந்து கடைசிக் கணம் வரை மட்டையிலேயே இருக்கிறது. இடமா வலமா, மேலா கீழா என்பதை இறுதி மணிக்கட்டுத் திருப்பம்தான் சொல்கிறது. ஓங்கிய அடியின் திசையை வீச்சிலிருந்து ஊகிக்கலாம். கவணின் திசையை விடுபட்ட பிறகே அறியலாம். நீண்ட அவகாசம் அடிப்பவருக்கு இரட்டை லாபம் தருகிறது: குறைந்த விசையில் வேகம், கூடவே ரகசியம்.

இதற்கு உடல் கொடுக்கும் விலை உண்டு. குனிந்தபடியே முறுக்கும் இந்த அசைவு கீழ்முதுகையும் தொடை இடுக்கையும் தேய்க்கிறது. வளரும் பிள்ளையை நாளுக்கு நூறு பிளிக் போடச் சொல்வது பயிற்சி ஆகாது. இடுப்பும் வயிற்றுத் தசையும் உறுதிப்படும் வரை எண்ணிக்கையை அளந்து தர வேண்டும்.

நம் பக்கத்துத் தரை

கரிசல் ஓங்கி அடிக்கக் கற்றுத்தருகிறது. செயற்கைத் தரை இழுக்கக் கற்றுத்தருகிறது. பனித்தரை வளைக்கக் கற்றுத்தருகிறது. மட்டையும் உத்தியும் அந்தத் தரைக்கு மனிதன் சொன்ன பதில்கள். லடாக்கிலும் இதைக் காணலாம். இயற்கைக் குட்டையில் வெயிலுக்கும் காற்றுக்கும் பனி சொரசொரத்துப் போனால் அங்குள்ளவர்களும் நேர்த்தியான ஸ்லாப் ஷாட்டை மறந்துவிட்டுக் குறுகிய தள்ளுகளை நம்ப வேண்டியதுதான். செயற்கையாக உறையவைத்த சீரான தளம் கிடைத்தால் ஆட்டமே மாறும். உயரத்தின் மெல்லிய காற்று, கடல்மட்டத்தில் உள்ளதில் எழுபது விழுக்காடு அடர்த்தியே கொண்டது. எதிர்ப்பைச் சற்றுக் குறைக்கும். ஆனால் மேடுபள்ளம் பறிப்பதைக் காற்று ஈடுசெய்யாது.

ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ ஒரு பள்ளி ஹாக்கி அணி தொடங்கினால் முதலில் எதற்குப் பணம் தேடும்? பெரும்பாலும் மட்டைக்கு. கார்பன் அளவு கூடிய மட்டை ஒன்றின் விலையில் பல சாதாரண மட்டைகள் கிடைக்கும். ஆனால் சரளை மைதானத்தில் அந்தக் கார்பன் மட்டையாலும் ஒன்றரை மீட்டர் இழுக்க முடியாது. முழு அளவு செயற்கைத் தரைக்குக் கோடிகள் வேண்டும். அது அரசின் கையில். டிராக் பிளிக் பழக அவ்வளவு பெரிய இடம் தேவையில்லை. அள்ளுவது முதல் விடுவது வரை எல்லாம் நான்கைந்து மீட்டர் நீளத்துக்குள் முடிந்துவிடுகிறது. அந்த அளவுக்கு மட்டம் பார்த்துப் பூசிய தளமும், அதன்மேல் பழைய செயற்கைத் தரைத் துண்டு ஒன்றும், பதினைந்து மீட்டர் தள்ளி ஒரு வலையும் போதும். நம் கிராமங்களில் அறுப்பு முடிந்தபின் காலியாகக் கிடக்கும் சிமெண்ட் உலர்களங்கள் அதைவிடப் பெரியவை. நெல் காயாத மாதங்களில் அங்கே பந்து ஓடலாம். நெல் காயும் இடத்துக்கும் ஆடும் இடத்துக்கும் தமிழில் களம் என்றே பெயர்.

அங்கே ஒரு பிள்ளை சாதாரண மட்டையோடு குனிந்து, எட்டை அகல வைத்து, பந்து துள்ளாமல் ஒன்றரை மீட்டர் கூடவே வருவதை முதன்முறையாக உணர்ந்தால் போதும். மீதியைத் தரை சொல்லிக்கொடுத்துவிடும்.